குளியலறைப் பொருள்களை உயர்த்தினால் கூடுதல் செலவு ஏன் விலை வேறுபாட்டோடு நிற்பதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் வீட்டின் இரண்டு குளியலறைகளுக்கும் ஒப்பந்தத்தில் குறித்த சாதாரணப் பொருள்களுக்குப் பதிலாகச் சுவரில் தொங்கும் கமோடு, சுவருக்குள் மறையும் ஷவர் மிக்ஸர், அதனுடன் அகலமான கூரை ஷவர், கல்மேடைமேல் வைக்கும் வாஷ்பேசின், கறுப்பு நிறக் குழாய்கள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கடையில் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டபோது தெரிந்த வேறுபாட்டைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கை ஒப்பந்ததாரர் கூடுதலாகக் கேட்கிறார். அவர் ஏமாற்றுகிறாரா என்பது உங்கள் கேள்வி. ஆனால் பூச்சுவேலை இன்னும் தொடங்கவில்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது. உண்மையில் நீங்கள் கேட்க வேண்டியது, இந்தத் தொகையில் எந்தப் பகுதி பொருளுக்கானது, எந்தப் பகுதி சுவருக்குள் நடக்கும் வேலைக்கானது, அந்த வேலையில் எதை இப்போதே செய்தாக வேண்டும் என்பதுதான்.

வீடுகளுக்கு மதிப்பீடு தயாரிப்பதும் வேலை முடிந்தபின் பில்லைச் சரிபார்ப்பதும் என் தொழில். உங்கள் ஒப்பந்தத்தையோ வரைபடத்தையோ நான் பார்க்கவில்லை என்பதால், அவர் கேட்கும் தொகை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதை நீங்களே பிரித்துப் பார்ப்பதற்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒப்பந்தத்தில் குறித்த ஒரு பொருளின் பட்டியல் விலை 100 என்றும், நீங்கள் விரும்பும் பொருளின் பட்டியல் விலை 300 என்றும் வைத்துக்கொள்வோம். கடையில் நின்று பார்க்கும் உங்களுக்கு வேறுபாடு 200 எனத் தெரிகிறது. ஆனால் ஒப்பந்ததாரர் பட்டியல் விலையில் வாங்குவதில்லை. 30 சதவீதத் தள்ளுபடி பெறுகிறார் என்றால் பழைய பொருளை 70-க்கும் புதியதை 210-க்கும் வாங்குவார். நீக்கப்படும் பொருளுக்கு அவர் வாங்கும் விலையான 70-ஐ மட்டும் வரவு வைத்து, புதிய பொருளைப் பட்டியல் விலையான 300-க்குப் பற்று எழுதினால் வேறுபாடு 230 ஆகிவிடும். அதன்மேல் மேற்செலவும் இலாபமுமாக 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 265. ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமலே உங்கள் 200 இப்படி 265 ஆகியிருக்கும். இரண்டு பொருள்களையும் பட்டியல் விலையிலேயே ஒப்பிடலாம், அல்லது இரண்டையும் வாங்கும் விலையில் ஒப்பிட்டு அதன்மேல் இலாபம் சேர்க்கலாம். இரண்டும் நேர்மையான முறைகளே. ஒன்றுக்கு ஒரு விலையும் மற்றொன்றுக்கு வேறு விலையும் எடுப்பதை மட்டும் ஏற்க வேண்டாம். மாறுதல் வேலைக்கு 10 முதல் 20 சதவீதம் வரை மேற்செலவு கேட்பது இத்தொழிலில் வழக்கமானது. அந்த விகிதம் உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், எழுதப்பட்டிருந்தால் அதன்மேல் பேரம் பேசிப் பயனில்லை.

உங்களிடம் அவர் கேட்பது இரண்டரை மடங்கு, அதாவது 200-க்கு 500. விலைக் கணக்கை மேலே சொன்னபடி அவருக்குச் சாதகமாகவே போட்டாலும், மீதமுள்ள 235 வேலைக்கான தொகையாகத்தான் இருக்க வேண்டும். அந்த வேலை என்னவென்று அவரால் எழுதித்தர முடிந்தால் கேட்பதில் நியாயம் இருக்கலாம். எல்லாப் பொருளுக்கும் ஒரே பெருக்கலைப் போட்டிருந்தால் அது மதிப்பீடு அன்று, ஊகம். ஏனென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றில் சில சுவரைத் தொடுவதே இல்லை. சில சுவரையே மாற்றிக் கட்ட வைக்கும்.

ஷவரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மறைசெலவு மிகுதியாக இருப்பது அங்கேதான். வெளியில் தெரியும் சாதாரண மிக்ஸருக்குச் சுவரிலிருந்து இரண்டு குழாய் வாய்கள் எட்டிப்பார்த்தால் போதும். சுவருக்குள் மறையும் மிக்ஸருக்கோ ஒரு பித்தளை உடல் முழுவதுமாகச் சுவருக்குள் உட்கார வேண்டும். அதற்கு வெந்நீர், தண்ணீர் என இரு குழாய்கள் வந்து சேர, மேலே கூரை ஷவருக்கு ஒன்றும் பக்கத்தில் கைஷவருக்கு ஒன்றுமாக இரு குழாய்கள் வெளியேற வேண்டும். 115 மில்லிமீட்டர் தடிப்புள்ள அரைச் செங்கல் சுவரில் இதற்கெல்லாம் காடி, அதாவது குழாய் பதிக்கும் பள்ளம், வெட்டுவது எளிதன்று. நெடுக்குவாட்டக் காடி சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கட்டுமான நெறி. அந்தச் சுவரில் இது முறையே 38, 19 மில்லிமீட்டர்தான். மிக்ஸர் உடலுக்கு இதைவிட ஆழம் தேவைப்படும். ஆகவே சுவருக்கு முன்னால் இன்னொரு மெல்லிய மறைப்புச் சுவர் எழுப்புவதே சரியான வழி. உங்கள் ஒப்பந்ததாரரின் கணக்கில் அந்தச் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், தொகை குறைவாக இருந்தாலும் எனக்கு அது கவலை தரும் மதிப்பீடுதான்.

ஆழத்தைப் பற்றி இன்னொன்று. இந்த மிக்ஸர் உடல்களின்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். டைல்ஸ் ஒட்டி முடித்தபின் சுவரின் முகம் எந்த இரு கோடுகளுக்கு இடையே வர வேண்டும் என்று அதில் குறித்திருப்பார்கள். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்து எளிதில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆகிவிடும் என்பதை மறந்து உடலை ஆழமாகப் புதைத்துவிட்டால், பின்னர் நீட்டிப்புப் பாகம் தேடி அலைய வேண்டும். மேலாகப் பதித்துவிட்டால் முகத்தட்டு சுவரோடு பொருந்தாது. எனவே எந்த டைல்ஸ் என்பதை மிக்ஸர் பொருத்தும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும். உள்ளே புதைக்கும் உடலும் வெளியே தெரியும் கைப்பிடித் தொகுதியும் பெரும்பாலும் தனித்தனியாகவே விற்கப்படும். ஒரு நிறுவனத்தின் உடலுக்கு மற்றொரு நிறுவனத்தின் கைப்பிடி பொதுவாகப் பொருந்தாது. கடையில் விலை கேட்டபோது இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டீர்களா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். பலர் காணும் விலை வேறுபாடு பொய்யாவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது யாருமே மதிப்பீட்டில் எழுதாத செலவு. அகலமான கூரை ஷவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை நீரைக் கேட்கும். எளிய கைஷவருக்கு 7, 8 லிட்டர் போதும். வாட்டர் ஹீட்டரில் நீர் 60 டிகிரியிலும், குழாயில் வரும் நீர் 25 டிகிரியிலும் இருக்க, நீங்கள் குளிப்பது 40 டிகிரியில் என்றால், கலவையில் 43 சதவீதம் வெந்நீராக இருக்க வேண்டும். அப்படியானால் 15 லிட்டர் கொள்ளளவுள்ள ஹீட்டர் சுமார் 35 லிட்டர் குளியல்நீரையே தரும். கூரை ஷவரில் அது ஏறக்குறைய இரண்டேகால் நிமிடத்துக்கு வரும். 25 லிட்டர் ஹீட்டர் வைத்தாலும் நான்கு நிமிடத்தைத் தொடாது. எனவே கூரை ஷவரைத் தேர்ந்தெடுப்பவர் பெரிய ஹீட்டரையும், அதன் எடையைத் தாங்கும் சுவரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். உங்கள் பட்டியலில் ஹீட்டர் பற்றி ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன கொள்ளளவு குறித்திருக்கிறது என்று பாருங்கள்.

நீர் அழுத்தமும் அப்படித்தான். 10 மீட்டர் உயரத்து நீர்த்தம்பம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஈர்ப்பு அழுத்தத்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், மேல்மாடி ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே 3 மீட்டர் உயரமே இருந்தால் கிடைப்பது 0.3 பார். கடைகளில் அழகாகப் பொழியும் கூரை ஷவர்கள் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தை வைத்து அளவிடப்பட்டவை. 0.3 பாரில் அவை பொழியாது, சொட்டும். அழுத்த பம்ப் வைக்கலாம். அதற்கு மின்இணைப்பு, இடம், ஒருவழி வால்வு எல்லாம் தேவை, இரவில் அதன் சத்தத்தையும் பொறுக்க வேண்டும். உங்கள் வீட்டில் நீர் எப்படி வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஈர்ப்பு அழுத்தம் மட்டும்தான் என்றால், கூரை ஷவரை வாங்கும் முன் அந்த இடத்தில் ஓர் அழுத்தமானியைத் திருகிப் பார்த்துவிடுங்கள். பம்ப் இல்லாமல் முடிந்தவரை நல்ல ஓட்டம் வேண்டுமென்றால் 15 மில்லிமீட்டர்க் குழாய்க்குப் பதில் 20 மில்லிமீட்டர்க் குழாயை ஷவர் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். உள்குறுக்குப் பரப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகும், செலவோ மிகச் சிறிது. பூச்சு முடிந்தபின் இதைச் செய்ய முடியாது.

சுவரில் தொங்கும் கமோடு இரண்டாவது பெரிய செலவு. கமோட்டைச் சுவர் சுமப்பதாகத் தோன்றினாலும், உள்ளே நிற்கும் இரும்புச் சட்டமே சுமையைத் தரைக்கு இறக்குகிறது. நல்ல சட்டங்கள் 400 கிலோகிராம் சுமைக்குச் சோதிக்கப்பட்டவை, ஆகவே அது உடைந்து விழுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை, சட்டம் தரையிலும் சுவரிலும் சரியாகப் பிணைக்கப்பட்டிருந்தால். ஃப்ளஷ் தொட்டியும் அந்தச் சட்டத்தோடேயே சுவருக்குள் போய்விடும். இதனால் நேரும் வேலைகள் மூன்று: கழிவுக்குழாயைத் தரையிலிருந்து சுவருக்கு மாற்றுவது, சட்டத்தை நிறுத்துவது, அதற்கு முன்னால் மறைப்புச் சுவர் கட்டுவது. தரைவழிக் கழிவுக்குழாய் ஏற்கெனவே பதிக்கப்பட்டுவிட்டது என்றால் முதல் வேலைதான் கனமானது. 100 மில்லிமீட்டர்க் குழாயை ஒன்றரை மீட்டர் நகர்த்தினாலே 50-க்கு 1 என்ற சரிவில் 30 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும், அதற்குத் தரைக்குள் இடம் இருக்கிறதா என்பது உங்கள் தளத்தைப் பொறுத்தது. இன்னும் பதிக்கவில்லையென்றால் கூடுதல் செலவு வெகுவாகக் குறையும். ஒப்பந்ததாரரின் தொகை பெரிதாக இருப்பதற்கு இது நியாயமான காரணமாக இருக்கக்கூடும்.

இங்கே என் யோசனை ஒன்று. கமோடும் ஷவரும் ஒரே சுவரில் வரும்படி அமைக்க முடிந்தால், இரண்டுக்கும் ஒரே மறைப்புச் சுவர் போதும். அதன் மேல்முகத்தில் சோப்பு, ஷாம்பு வைக்க ஒரு விளிம்பும் கிடைத்துவிடும். தனித்தனிச் சுவர்களில் வந்தால் ஏற்கெனவே சிறிய அறையின் நீளத்திலும் அகலத்திலும் 150 முதல் 200 மில்லிமீட்டர் போய்விடும். அந்த இழப்பு எந்தப் பில்லிலும் வராது.

தொட்டி சுவருக்குள் போனால் பழுது வரும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்குமே என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். உள்ளிருக்கும் நீரடைப்பு வால்வையும் ஃப்ளஷ் வால்வையும் சுவரிலுள்ள ஃப்ளஷ் பொத்தான் தட்டின் திறப்பு வழியாகவே கழற்றி மாற்றலாம். அதற்குத்தான் அந்தத் தட்டு அவ்வளவு அகலமாக இருக்கிறது. ஆனால் அந்த உதிரிப்பாகங்கள் பத்து ஆண்டுகள் கழித்தும் கிடைக்குமா என்பதே உண்மையான கேள்வி. நிறுவனம் எதுவாயினும், விற்பவரிடம் இதைக் கேளுங்கள். தயங்கினால் அந்தப் பொருளைச் சுவருக்குள் வைக்காதீர்கள்.

வாஷ்பேசினில் சொல்ல அதிகமில்லை. மேடைமேல் வைக்கும் பேசின் 120 முதல் 150 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். விளிம்பு தரையிலிருந்து 800 முதல் 850 மில்லிமீட்டரில் வர வேண்டும் என்றால், கல்மேடையை அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும்; குழாய் உயரமானதாக இருக்க வேண்டும் அல்லது சுவரிலிருந்து நீள வேண்டும். கல்மேடையும் உயரக் குழாயும் தவிர இதில் பெரிய வேலை இல்லை. அவர் இதற்கும் இரண்டரை மடங்கு போட்டிருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

கறுப்புக் குழாய்களுக்கு வேலைச் செலவு கொஞ்சமும் கூடாது. அதே திருகு, அதே கைவேலை. விலை வேறுபாடு முழுக்க மேற்பூச்சுக்கானது. குழாயின் தரத்தை முடிவுசெய்வது நிறம் அன்று. உடல் கனமான பித்தளையா, நீரைத் திறந்து மூடும் உள்பாகமாகச் செராமிக் தட்டுள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா, அது 35 அல்லது 40 மில்லிமீட்டர் போன்ற பொது அளவினதா என்பவைதாம். இவற்றைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை. கறுப்புப் பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதில் அவ்வளவு உறுதி இல்லை. வெற்றிடத்தில் உலோக ஆவியாகப் படியவைக்கும் பூச்சு, வெறும் வண்ணப் பூச்சைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் கடையில் வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது கடினம், எழுத்துமூல உத்தரவாதத்தையே நம்ப வேண்டும். உப்புநீர் வரும் இடத்தில் கறுப்பின்மேல் வெண்ணிறக் கறை நன்றாகவே தெரியும். என்னைக் கேட்டால், சாதாரணக் குரோமியக் குழாயை இப்போது பொருத்திவிட்டு, ஆசை தீராவிட்டால் ஐந்து ஆண்டு கழித்துக் கறுப்புக்கு மாறலாம். அதற்கு ஒரு ஸ்பேனரும் அரைநாளும் போதும். வெளியில் இருப்பவை எல்லாமே அப்படித்தான்: கைஷவர், துண்டுக்கம்பி, கண்ணாடி, பேசின் குழாய் எதுவாக இருந்தாலும் பிறகு மாற்றலாம், விலையும் பெரிதாக மாறாது.

ஆகவே உங்கள் பணத்தில் ஓர் எல்லை இருக்கிறது என்றால், அதைச் சுவருக்குள் போகும் பொருளில் செலவிடுங்கள். மிக்ஸர் உடல், கமோட்டைத் தாங்கும் சட்டம், தரமான குழாய், அடைப்பு வால்வுகள், நீர்க்காப்பு ஆகியவற்றில் சிக்கனம் வேண்டாம். இரண்டு குளியலறைகளிலும் எல்லாவற்றையும் உயர்த்த வேண்டும் என்றும் இல்லை. விருந்தினர் குளியலறையில் கூரை ஷவர் ஆண்டில் எத்தனை முறை திறக்கப்படும்? ஆனால் அந்த அறையிலும் பின்னாளில் வேண்டியதாகலாம் என்று தோன்றுவதற்கு இப்போதே வழி செய்துவைக்கலாம். கமோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று மின்குழாயை விட்டுவைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். பின்னாளில் கழுவும் வசதியுள்ள மின்இருக்கை வைக்க விரும்பினால், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானோடு அதில் இணைப்புத் தரலாம்.

பொருள்களை நீங்களே வாங்கித் தந்து ஒப்பந்ததாரருக்குக் கூலி மட்டும் கொடுக்கலாமா என்பது இயல்பாக எழும் அடுத்த யோசனை. வெளியில் தெரியும் பொருள்களுக்குத் தாராளமாகச் செய்யலாம். சுவருக்குள் போவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கசிவு வந்தால் பொருள் கெட்டது என்று அவர் சொல்வார், பொருத்தியது கெட்டது என்று கடைக்காரர் சொல்வார், டைல்ஸை உடைக்கும் செலவு உங்களுடையதாகும். அவர் வாங்கிப் பொருத்தினால் பொறுப்பு ஒரே இடத்தில் நிற்கும். அவர் கேட்கும் 15 சதவீதத்தின் ஒரு பகுதி அதற்கான விலை என்றே கொள்ளலாம்.

அவரோடு பேசும்போது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரியாக எழுதித்தரச் சொல்லுங்கள்: நீக்கும் பொருளுக்கு வரவு, புதிய பொருளின் நிறுவனப் பெயரும் மாடல் எண்ணும் விலையும், கட்டுவேலை, குழாய்வேலை, மேற்செலவு. இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்கட்டும், ஏனெனில் வாய்வார்த்தையாகச் சொன்ன மாறுதல்களே கடைசிப் பில்லில் சண்டையாகின்றன. குழாய்கள் பதித்தபின், பூச்சுக்கு முன், வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் நீர் நிரப்பிக் கசிவு இல்லை என்று காட்டச் சொல்லுங்கள். அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் துளைபோடும்போது எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு நிபந்தனையையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டைல்ஸ்மேல் படிந்த சிமெண்டைப் போக்கப் பணியாளர்கள் அமிலம் ஊற்றிக் கழுவுவதுண்டு. அதன் ஆவி பட்டாலே குரோமியப் பூச்சும் துருவில்லா எஃகும் கறுத்துப் புள்ளிவிடும். ஆகையால் அந்தக் கழுவல் முடிந்து, அறை காய்ந்து, குழாய்களிலுள்ள மணலும் சீவலும் போகும்வரை நீரைத் திறந்துவிட்ட பிறகே வெளிப்பொருள்களைப் பொருத்த வேண்டும் என்று குறிப்பிடுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு மணல்துகள் புகுந்தால், எவ்வளவு விலையுயர்ந்த மிக்ஸரும் முதல் வாரத்திலேயே சொட்டத் தொடங்கலாம்.